இஸ்திரிப் பெட்டி நின்ற மத்தியானம்

குளிர்காலத்துக்கான குழந்தைகள் உடுப்பைக் கோடை வெயிலில்தான் படம் எடுப்பார்கள். ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு ஆறு மாதம் முன்பே படம் தயாராக இருக்க வேண்டும். அதோடு, ஏப்ரல் மே மாதத்தில்தான் பள்ளிக்கூடம் லீவு; குழந்தைகள் கிடைப்பார்கள். ‘கிடைப்பார்கள்’ என்றுதான் நாங்கள் சொல்வோம். ஆறு வயசு சைஸுக்கு ஒரு பெண் கிடைத்தாள், எட்டு வயசு சைஸுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று. அந்தச் சொல் அப்போது என்னை உறுத்தியதில்லை.

பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திராவில், முன்பு லேத் பட்டறையாக இருந்த ஒரு ஷெட்டை வெள்ளையடித்து ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். நான் அங்கே ஸ்டைலிஸ்ட். பேர்தான் பெரிசு. அட்டைப்பெட்டிகளில் வரும் சாம்பிள் துணிகளைப் பிரித்து, எந்தச் சட்டைக்கு எந்தப் பாவாடை என்று ஜோடி சேர்த்து, குழந்தைக்கு உடுத்திவிட்டு, தொளதொளவென்று இருந்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, கேமரா முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். ஒரு படம் முடிந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும்.

உடை மாற்றும் அறையின் வாசலிலேயே இஸ்திரி மேஜை. அங்கே ஓர் அக்கா நிற்பார். ஆனேக்கல்லிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். அவர் மகள் அப்போது பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் கவுனுக்கு இஸ்திரி போடுவது பெரியவர்கள் சட்டைக்குப் போடுவது மாதிரி இல்லை. இடுப்பில் சுருக்கு இருக்கும், கையில் இருக்கும், சில கவுன்களில் சுருக்குக்கு மேல் சுருக்கு இருக்கும். அக்கா பெட்டியின் மூக்கை அந்தச் சுருக்குகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து எடுப்பார். நைலான் லேஸ் ஒன்றையும் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டார். ஆனால் தலை குனிந்து வேலை செய்கிற ஆள், குழந்தைகளின் உயரத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

அந்த வருஷம் எங்களுக்கு ‘கிடைத்த’ ஆறு வயதுப் பெண், அதற்கு முந்தைய வருஷமும் வந்தவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அப்பா அம்மா இருவருக்கும் ஐ.டி. வேலை. வறுமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மா லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்து, வெளி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலையைப் பார்ப்பார். மகள் உள்ளே தன் வேலையைப் பார்ப்பாள்.

வேலை என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு நன்றாகச் செய்தாள். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். ‘தாடை’ என்று கேமராக்காரர் சொன்னால் அரை அங்குலம் இறக்குவாள். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் போட்டு அந்த வெயிலில் நிறுத்தினால் மற்றக் குழந்தைகள் சிணுங்கும். இவள் சிணுங்கமாட்டாள். நெற்றியில் வியர்த்தால் அவளே டிஷ்யூ காகிதத்தை எடுத்து ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, “ஓகேவா ஆன்ட்டி?” என்பாள். நாங்கள் எல்லாரும் அவளைக் கொண்டாடினோம். சமர்த்து, சமர்த்து என்று வாய் ஓயாமல் சொன்னோம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

நான் சொல்லவந்த நாளில் நாற்பது உடுப்பு முடிக்க வேண்டியிருந்தது. சாம்பிள்களைத் திருப்பி எடுத்துப்போக மாலை ஆறு மணிக்கு வண்டி வரும். அதே அளவுக்கு இன்னொரு பெண்ணும் வர வேண்டியது; அவளுக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்தது. ஆக, நாற்பதும் இவள் தலையில் விழுந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பா திறந்து, ஐந்து நிமிஷத்தில் மூடப்பட்டது. இரண்டு மணிக்கு இருபத்தாறு முடிந்திருந்தது.

இருபத்தேழாவது ஒரு சிவப்பு கவுன். இஸ்திரி ஆகும் வரை நான் உள்ளே வேறு துணிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இருபத்தாறாவதுக்குப் போட்ட ஸ்வெட்டரும் தொப்பியுமாக மேஜைக்கருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளிடம் பேசுவது கேட்டது.

“பாப்பா, ஊட்டா பண்ணலையா நீ? டப்பாவுல சப்பாத்தி அப்படியே இருக்குது.”

“பசிக்கல ஆன்ட்டி.”

“நேத்தும் அப்படியேதான் மூடி வெச்ச. என்ன சாப்ட்ட காலைல?”

“பால்.”

“நேத்து நைட்டு?”

“பால். அப்புறம் தயிர்.”

கொஞ்ச நேரம் பெட்டி துணியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா, “வாய் வலிக்குதா?” என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லு.”

அவள் மெதுவாகச் சொன்னாள். “முன்பல்லு ஆடுது. கடிச்சா விழுந்துடும். ஷூட் முடியற வரைக்கும் விழக்கூடாது.”

“யாரு சொன்னா அப்படி?”

“யாரும் சொல்லல. போன வருஷம் என்கூட ஒரு அண்ணா வந்தான்ல? அவனுக்குப் பல்லு விழுந்துச்சு. அப்புறம் அவன் வரவே இல்ல.”

அந்தப் பையனை எனக்கு நினைவிருந்தது. பல் முளைத்ததும் கூப்பிடலாம் என்று பட்டியலில் அவன் பெயரை நான்தான் அடித்தேன்.

அக்கா எழுந்தார். சுவரில் ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சீராகச் சுருட்டிப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். மேஜைமேல் கவுன் பாதி இஸ்திரியோடு கிடந்தது. அவர் நேராக மேனேஜரிடம் போனார். எங்கள் மேனேஜர் மைசூர் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

“சார், இஸ்திரி ஆஃப் பண்ணிட்டேன்.”

“ஏனாயித்து? கரெண்ட் போச்சா?”

“கரெண்ட் இருக்குது. நான்தான் ஆஃப் பண்ணேன்.”

அவர் கையிலிருந்த பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“பாப்பா சாப்பிடல. காலைலேர்ந்து அஞ்சு மணிநேரமா நிக்குது. சாப்ட்டு, சொல்ப நேரம் தூங்கி எழுந்ததும் போடறேன்.”

“யம்மா, ஆறு மணிக்கு வண்டி வந்துடும். துணி இல்லாம நான் எதைப் படம் எடுப்பேன்?”

“அதுக்குத்தான் சார் ஆஃப் பண்ணேன்,” என்றார் அக்கா. குரலில் எதிர்ப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க சொல்லுங்க இவங்களுக்கு.”

நான் சொன்னதை இன்று வரை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. “அக்கா, இன்னும் பதினாலுதான் இருக்கு,” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை. “பதினாலும் நானே போடறேன் மேடம். அப்புறமா,” என்றார்.

சத்தம் கேட்டு அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். காதில் இன்னும் ஹெட்செட் இருந்தது. என்ன விஷயம் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பொண்ணைப் பத்திப் பேச நீங்க யாருங்க? அவளுக்கு இது பிடிச்சிருக்கு. நாங்க ஒண்ணும் காசுக்காகக் கூட்டிட்டு வரல. வேணும்னா அவளையே கேளுங்க.” மகளைப் பார்த்து, “உனக்குப் பிடிச்சிருக்குதானே கண்ணா?” என்றார்.

“பிடிச்சிருக்கு,” என்றாள் அவள். உடனே சொன்னாள். கேமராவுக்குச் சிரிக்கும் அதே சிரிப்போடு சொன்னாள்.

“பிடிச்சிருக்குன்னுதாம்மா சொல்லும். நல்ல புள்ள அது,” என்றார் அக்கா. பிறகு குரலை இறக்கி, அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பல் விஷயத்தைச் சொன்னார். கடித்துச் சாப்பிட்டு நாளாகிறது, பல் விழுந்துவிட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று பத்திரமாக வைத்திருக்கிறது என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தைக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

ஹெட்செட்டை எடுத்தார் அந்த அம்மா. வெயிலுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்திருந்தாராம். எனக்கும் அவரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்திலேயே நின்று உடுத்திவிட்ட எனக்கே தெரியவில்லையே. அவர் மண்டியிட்டு, “வாயைத் திற பாக்கலாம்,” என்றார். அதுவரை ஒரு நாள்கூட எங்கள் முன்னால் அழாத பெண் அப்போது அழுதாள். “இன்னும் விழலம்மா. விழல. பாரு, இருக்கு,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்த அம்மா மகளின் தொப்பியைக் கழற்றி, ஸ்வெட்டரைக் கழற்றி, வீட்டிலிருந்து போட்டுவந்த மஞ்சள் பனியனை மாட்டி, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். ஆறு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிப்போவது கஷ்டம். இருந்தும் இறக்கிவிடவில்லை.

மேனேஜர் அக்காவிடம், “நாளைலேர்ந்து வர வேண்டாம்மா,” என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார். பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. பிளக்கைத் திரும்பச் சொருகி, அந்தச் சிவப்பு கவுனை முடித்தார். படம் எடுக்காமல் விட்ட மற்றப் பதின்மூன்றையும் ஒன்று விடாமல் இஸ்திரி போட்டு, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கசங்கிய சாம்பிளை அனுப்பினால் ஸ்டுடியோவின் பேர் கெடும். வேலையைவிட்டு நிறுத்தியவருக்காக அதைச் செய்தார். ஆறு மணிக்கு வண்டி வந்தபோது பெட்டிகள் ஒட்டித் தயாராக இருந்தன.

அன்று அவரை என் ஸ்கூட்டரில் சந்தாபுரா பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் வரத் தாமதம். நிழல்கூரையின் கீழ் நின்றோம். எனக்கு எதையாவது சொல்லி என் சங்கடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“சின்ன வயசுல நீங்களும் வேலைக்குப் போயிருப்பீங்க. அதனாலதான் உங்களுக்குச் சட்டுனு தெரிஞ்சிருக்கு,” என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்ல மேடம். நான் ஒரு வேலையும் செஞ்சதில்ல. எங்கம்மா வீட்ல ஊதுபத்தி உருட்டுவாங்க. எங்க லைன்ல எல்லா வீட்லயும் அதான் வேலை. எல்லார் வீட்டுப் புள்ளைங்களும் ஸ்கூல் விட்டு வந்து உக்காந்து உருட்டும். சின்ன விரல்ல வேகமா வரும். எங்கம்மா மட்டும் எங்களத் தொட விடமாட்டாங்க. கைய வெச்சா, போ வெளிய, போய் விளையாடுன்னு துரத்துவாங்க. சோம்பேறிங்கள வளக்கறான்னு லைன்ல எல்லாரும் பேசுனாங்க.”

“அம்மா எதுவும் சொல்ல மாட்டாங்களா?”

“சொல்ல மாட்டாங்க. இன்னும் ரெண்டு மணிநேரம் கூட உக்காந்து உருட்டுவாங்க. நாங்க கல்யாண மண்டபத்துக்குப் பின்னால ஆடிட்டு இருப்போம். நான் சும்மா இருந்து வளந்தவ மேடம். சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பாப்பா முகத்துல அது இல்ல. அதான் பாத்தேன்.”

நான் என் கதையைச் சொன்னேன். நான் கன்டோன்மென்ட் பக்கத்தில் வளர்ந்தவள். சர்ச்சுக்கு எதிர்ச்சந்தில் என் சித்தி தையல்கடை வைத்திருந்தார். ஒன்பது வயதிலிருந்து கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் அங்கே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்திருக்கிறேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. இன்று இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றால் அந்தக் கொக்கிகள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். “ஒருநாளாவது இன்னைக்கு பேடா, வேணாம்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?”

சித்தி என்னிடம் உயிராக இருந்தவர். விட்டிருப்பார் என்றுதான் வாயெடுத்தேன். நான் ஏன் ஒரு முறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது அந்த பஸ் ஸ்டாப்பில்தான் எனக்குத் தோன்றியது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சர்ச் காம்பவுண்டில் ஓடும் சத்தம் கேட்கும். கொக்கியை வைத்துவிட்டு எழுந்துபோனால் சித்தி திட்டியிருக்கமாட்டார். ‘எங்க வீட்டுச் சமர்த்து’ என்று வருகிறவர்களிடம் காட்டமாட்டார், அவ்வளவுதான். அந்த வார்த்தை போய்விடும் என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன். அதே வார்த்தையைத்தான் இரண்டு வருஷமாக நானும் ஒரு குழந்தைக்குக் கொடுத்துவந்திருக்கிறேன்.

ஆனேக்கல் பஸ் வந்தது. அக்கா ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் அலமாரியிலிருந்த ஃபைலை எடுத்தேன். குழந்தைகளை வைத்துப் படம் எடுப்பதற்கு அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய காகிதத்தை அதில் போட்டுவைத்தவளே நான்தான். உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். ஒரு நாளில் ஐந்து மணிநேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணிநேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று, அவர்களின் நலனைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும். பொறுப்பானவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

மேனேஜரின் மேஜைமேல் காகிதத்தை வைத்தேன். அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு மணி வண்டியை மட்டுமே பார்த்துப் பழகியவர்.

“இத யாரு படிச்சா?” என்றார்.

“நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். நேத்து என் வேலையை அந்த அக்கா செஞ்சாங்க. நான் அவங்களத் தடுத்தேன். அவங்க வரலைன்னா நானும் வரல.”

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தம்மா நம்பர் உங்ககிட்ட இருக்குதா?” என்றார். அவராகக் கூப்பிட அவருக்குக் கூச்சம். என்னைத்தான் கூப்பிடச் சொன்னார்.

நான்காம் நாள் அக்கா வந்தார். என் பேருக்குப் பதில் பொறுப்பாளராக உங்கள் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் கன்னட மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். “முழுசாப் படிச்சுச் சொல்லுங்க மேடம்,” என்றார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். எங்களில் அந்தக் காகிதத்தின் கடைசி வரி வரை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பெண் அந்த லீவில் திரும்ப வரவில்லை. பத்து நாள் கழித்து அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். நன்றி சொல்லக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் காலையில் எடுத்த படங்களைப் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். படங்கள் ஏற்கெனவே போய்விட்டன என்றேன். “அந்த இஸ்திரி அக்கா இன்னும் இருக்காங்களா?” என்றார். இருக்கிறார் என்றேன். “சரி,” என்று வைத்துவிட்டார்.

இப்போது ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு குழந்தைகளை அழைக்கிறோம். ஒரு நாளில் முடிகிற வேலை இரண்டு நாளாகிறது. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டார். பல் விழுந்த குழந்தைகளையும் கூப்பிடுகிறோம். துணி வாங்குகிற பெற்றோர் யாரும் இதுவரை அதைக் குறையாகச் சொல்லி எழுதவில்லை. யாருக்காக இத்தனை நாள் பட்டியலில் பேர் அடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். நேரம் குறைந்ததே தவிர, குழந்தைகள் வந்து நிற்பது நிற்கவில்லை. போன மாதம் அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

“அஞ்சு மணிநேரம்னா மட்டும் சரியாயிடுமாக்கா?”

அவர் ஒரு சின்ன கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். “தெரியல மேடம். என் பொண்ண நான் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனா இதுங்க வருதே. வர்றப்போ ஒருத்தராவது பாக்கணும்ல?” என்றார். கொஞ்சம் யோசித்து, “இதுல வர்ற சம்பளத்துலதான் நானும் சாப்பிடறேன். அதையும் சொல்லணும்,” என்றார்.

உள்ளே இரண்டு குழந்தைகள் தங்கள் முறை முடிந்து, துணி மாட்டும் ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் இஸ்திரி போட்டு மாட்டிய துணி கசங்குகிறதே என்று நான் கத்த வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“விடுங்க மேடம். நான் திரும்பப் போட்டுக்கறேன்.”